பெட்டிக்குள் காத்தாயி நெல்

"பிளக்கைப் பிடுங்குங்க! பாத்துகிட்டு நிக்கிறீங்களே, பிடுங்குங்கன்னா!"

வானதி போட்ட சத்தத்தில், எடை மேடைமேல் நின்றிருந்த டிராக்டர்க்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பயந்து இன்ஜினை அணைத்துவிட்டார். அவள் புருஷன் ராம்கி மேஜைக்கு அடியில் புகுந்து வயரைப் பற்றி இழுத்தான். திரை முழுக்கப் பரவியிருந்த நீலம் பொசுக்கென்று போயிற்று.

விடிந்து முதல் வண்டிக்கு எடை போட்டதிலிருந்து இதே கூத்துதான். கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்து வரும். எடை போடுகிற இடத்துக்குப் போகும். சரி, பிழைத்தோம் என்று மூச்சு விடுவதற்குள் திரை நீலமாகிவிடும். வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ சாபம் விட்டுவிட்டுத் தானே அணைந்து, தானே எழும்.

இந்தத் தடவை பிளக்கைத் திரும்பச் செருகியபோது அதுவும் எழவில்லை. பெட்டி மட்டும் கீச், கீச் என்று கத்தியது.

"போச்சு," என்றான் ராம்கி.

"வாயக் கழுவுங்க."

நன்னிலத்துக்குப் போகிற சாலையோரத்தில் அவர்களுடைய எடை மேடை. சாலைக்கு எதிர்ப்பக்கம் நெல் மில். குறுவை அறுவடை முற்றிய நேரம். அறுக்கிற மெஷின் வயலில் இறங்கினால் இருட்டும்வரை ஏறுவதில்லை. நெல்லை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் சாலையோரம் வால் நீட்டி நின்றன. கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரக்காற்றில் வைக்கோல் வாசனை ஏறியிருந்தது.

எடை போடுகிற முறை எல்லாரும் அறிந்ததுதான். நெல்லோடு வண்டியை மேடையில் ஏற்றி ஓர் எடை. எதிரே மில்லில் கொட்டிவிட்டு வந்து காலி வண்டியோடு இன்னோர் எடை. கழித்தால் நெல். இந்தக் குடும்பத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. முதல் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சீட்டும் போடக் கூடாது. வரிசையில் நிற்கிறவன் காதில் விழுந்தால் கண்ணு பட்டுவிடும் என்பது வானதியின் மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம். எண் பெட்டிக்குள்ளேயே இருக்கும். காலி வண்டி திரும்பி வந்த பிறகுதான் மொத்தமும் ஒரே சீட்டாக வெளியே வரும். விவசாயிகளுக்கும் அது பிடித்திருந்தது. தன் எடை அடுத்தவனுக்குத் தெரியாதே!

அந்த வழக்கம் இன்றைக்குக் கழுத்தைப் பிடித்தது.

அறைக்கு வெளியே, ஒரு கவிழ்த்த வாளிமேல் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். கூலிக்கு நாற்று நட்டுக் களை பறித்த கையால், இந்த வருஷம்தான் முதன்முதலாகச் சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை வைத்தவள். அவளுடைய வண்டிதான் காலையில் முதலில் எடை ஏறியது. மில்லுக்குப் போய் நெல்லைக் கொட்டியும் விட்டது. அங்கே குவிந்திருந்த மலையோடு மலையாகக் கலந்துபோன அந்த நெல்லின் எடை, இந்தக் கீச்சுப் பெட்டியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

மற்ற வண்டிகளைப் பற்றிக் கவலையில்லை. நெல் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. எடை காட்டுகிற மீட்டர் தனி; திரும்ப எடை போட்டுக் கையால் எழுதிக் கொடுத்துவிடலாம். காத்தாயி நெல்லுக்குத்தான் வழியில்லை.

மில் சூப்பர்வைசர் செந்தில்குமார் சாலையைத் தாண்டி வந்தான். வாயில் வெற்றிலை.

"ராம்கி அண்ணே, இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? டிரெய்லருக்கு வழக்கமா என்ன பிடிக்கும்னு நமக்குத் தெரியாதா? நாலரை டன்னு போட்டுடுவோம். முடிஞ்சுது சோலி."

காத்தாயி எழுந்தாள். "யாரு வண்டிக்குய்யா நாலரை? நாலு பக்கமும் பலகை உசத்திக் கட்டி, கோபுரமா ஏத்தியாந்தேன். வழியில ஒரு மணி சிந்தக் கூடாதுன்னு படுதா போட்டு மேல நானே படுத்துகிட்டு வந்தேன். நீ பாக்கல?"

"நான் பாக்கலையே ஆத்தா. கொட்டினப்புறந்தான் வந்தேன்."

"அப்ப பாக்காதவன் எப்படி நாலரைன்னு சொல்லுவே?"

செந்தில்குமார் வெற்றிலையைத் துப்பப் போனவன் அதை விழுங்கிவிட்டான்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தன் ஃபார்மட் பண்ணிடச் சொல்றான்," என்று ராம்கி போனைக் காதிலிருந்து எடுத்தான். "பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடுமாம்."

"உள்ள இருக்கிறது?"

"அது போயிடும்."

"அப்ப அவனை வந்து காத்தாயி அக்காகிட்ட நேர்ல சொல்லச் சொல்லுங்க."

வானதி பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். பெட்டி வருஷக் கணக்காக மேஜைமேல் படுத்த வாக்கில்தான் கிடக்கிறது. நிறுத்தி வைக்க இடம் போதாது. பின்பக்கத்தில் மங்கிப்போன ஒரு ஸ்டிக்கர்: ஹாஜா கம்ப்யூட்டர்ஸ், நன்னிலம். கீழே ஒரு செல் நம்பர். மாமனார் இருந்தபோது வாங்கியது. ராம்கி அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். கடைக்காரரை இவர்கள் இரண்டு பேரும் பார்த்ததில்லை. ஹாஜா மைதீன் என்று மாமனார் சொன்ன பேர் மட்டும் ஞாபகம்.

நம்பரை அழுத்தினாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. வைக்கலாம் என்று விரல் நீட்டியபோது எடுத்தார்கள்.

"ம், சொல்லுங்க," என்றது ஒரு கரகரப்பான குரல்.

"ஹாஜா கம்ப்யூட்டர்ஸ்ங்களா? பாய், எங்க மாமனார் உங்ககிட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாரு. எடை மேடைக்கு. அது சாகப் போவுது பாய்."

மறுமுனையில் யாரையோ "செத்த நேரம் சும்மா இருங்கடா" என்று அதட்டிவிட்டு, "அழுவாதீங்கம்மா. என்ன பண்ணுது? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க. பாக்கறதைச் சொல்லுங்க," என்றார்.

அந்தக் குரலில் அவசரமே இல்லை. வானதிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நீலத் திரை, தானே அணைவது, இப்போது கீச்சுவது என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கீச்சுதா? நல்லது."

"நல்லதா பாய்?"

"கத்துற புள்ளைக்கு உயிரு இருக்குன்னு அர்த்தம். ஃபார்மட் கீர்மட் பண்ணிடலையே?"

"பண்ணச் சொல்றாங்க."

"பண்ணாதீங்க. கொரடாச்சேரில ஒருத்தர் அவசரப்பட்டுப் பண்ணிட்டு மக கல்யாணப் போட்டோவெல்லாம் போச்சுன்னு எங்கிட்ட அழுதாரு. கரன்ட்டை நிறுத்திட்டீங்களா? ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? பெட்டியைத் தொறங்க."

"நானா?"

"ஏன், கை இருக்குல்ல?"

வெளியே காத்தாயி சிரித்துவிட்டாள். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டாள் வானதி. ராம்கி டிராக்டர்க்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்தான்.

"தொடுறதுக்கு முன்னாடி ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்குங்க. கையில வளையல் இருந்தா கழட்டிடுங்க."

"கம்பி எதுக்கு பாய்?"

"அது... தொட்டுக்கச் சொல்றாங்க. தொட்டுக்குங்களேன்."

பக்கத்து மூடி பிசுபிசுத்துக்கொண்டு நகர்ந்தது. ராம்கி டார்ச் அடித்தான். இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா தெரியுது?"

வானதி டார்ச்சை வாங்கி இன்னொரு தடவை உள்ளே அடித்துப் பார்த்தாள்.

"சொல்லுங்க, பாக்கறதைச் சொல்லுங்கன்னேன்ல."

"பொரி, பாய்."

"என்னது?"

"பொரி. பொட்டுக்கடலை. வெல்லம் வேற."

ராம்கி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

முந்தாநாள் ஆயுதபூஜை. மேடையை அலம்பிக் கோலம் போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டியதெல்லாம் அவள்தான். வருஷம் பூராவும் சோறு போடுகிற பெட்டி. அதற்கு ஒரு பிடி பொரி வைத்தால் போதுமா என்று தோன்றியது. இலையைப் போட்டுக் குவித்து வைத்தாள். படுத்துக் கிடக்கிற பெட்டியின் மேல்புறத்தில் காற்றுப் போக ஒரு சல்லடை இருப்பதும், அதன் கம்பி எப்போதோ உடைந்துபோனதும் தெரியும். இலைதான் இருக்கிறதே என்று நினைத்தாள். சாயங்காலம் இலையை வாரும்போது மிச்சத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்தது எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது.

"ஏன்டி, நன்றி சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றான் ராம்கி.

"நீங்களும்தானே சூடம் காட்டினீங்க?"

"நான் ஊட்டி விடலையே!"

போனுக்குள் பாய் வாய்விட்டுச் சிரித்தார். அவரைச் சுற்றி இன்னும் இரண்டு பேர் சிரிப்பதும் கேட்டது. "சரி சரி. உள்ள விசிறி ஒண்ணு இருக்கும். சுத்துதா பாருங்க, விரலால தள்ளி."

விசிறி நகரவில்லை. இறக்கைக்கு நடுவில் ஒரு பொட்டுக்கடலை கல்லு மாதிரி சிக்கியிருந்தது. வானதி கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். டிராக்டர் பம்பருக்கு நம்பர் எழுத வாங்கி வைத்த புது பிரஷ்ஷால் தூசியும் உமியும் பொரியும் தட்டித் தட்டி முறத்தில் சேர்த்தாள். இறக்கை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பிளக்கைச் செருகினார்கள். விசிறி உறுமியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கீச், கீச்.

வெளியே முதல் தூறல் விழுந்தது. சாலையோரம் வரிசையாகப் படுதா விரிக்கிற சத்தம். யார் யாரோ யார் யாரையோ திட்டினார்கள்.

"அக்கா, மழை வருது," என்று செந்தில்குமார் தலையை நீட்டினான். "சரக்கை உள்ள தள்ளணும். நாலே முக்கால்னு வச்சுக்குவோம். நானும் இறங்கி வந்துட்டேன், அந்த ஆத்தாளையும் இறங்கி வரச் சொல்லுங்க."

வானதி காத்தாயியைப் பார்த்தாள். காத்தாயி தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றில் முந்தைய நாள் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, போன வருஷம் இதே மழையில எல்லாருக்கும் கதிரு படுத்து மொளச்சுது. நான் அப்ப கூலிக்காரி. அய்யோன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். இந்த வருஷம் எம் பயிரு. என்ன வெளஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும். கொறைஞ்சாலும் பரவாயில்ல. தெரியணும். உத்தேசமா சொன்னா அது எப்படி எம் நெல்லாவும்?"

செந்தில்குமார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"பாய், இருக்கீங்களா?"

"இருக்கேன், கேட்டுகிட்டுதான் இருக்கேன். பொறுங்க, நெனச்சுப் பாக்கறேன்." போனில் காற்று இரைந்தது. "கீச்சுதுன்னா ஞாபகம் வைக்கிற பலகை. சீப்பு மாதிரி நீளமா, பச்சையா, நட்டக்குத்தலா நிக்கும். ரெண்டு பக்கமும் கொக்கி. இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"கொக்கியை அமுக்கினா எழும்பும். புடுங்கிப் பாருங்க."

வானதி இன்னொரு தடவை ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு பலகையைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் கையை உதறினாள்.

"எறும்பு! பாய், உள்ள எறும்பு!"

பலகை உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குள் செவ்வெறும்பு வரிசை கட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வெல்லத்துக்கு வந்தவை. கதகதப்பான இடமாக இருக்கிறதே என்று குடித்தனமே வைத்துவிட்டன. செத்தவை பலகைக்குக் கீழே நசுங்கிக் கறுப்பாக ஒட்டியிருந்தன.

"எறும்பா?" என்றார் பாய். குரலில் ஒரு துள்ளல். "எறும்புன்னா சொன்னீங்க? எங்க, எந்த எடத்துல? அந்தப் பள்ளத்துக்குள்ளயா?"

"ஆமா பாய், உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"இல்லம்மா, இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. சரி, விடுங்க. ஊதுங்க. வாயால ஊதினா எச்சி படும். சைக்கிள் பம்பு இருக்கா?"

பம்ப் டிராக்டர்க்காரரிடமே இருந்தது. ராம்கி அடித்தான், வானதி குழாயைப் பிடித்தாள். எறும்புகள் சிதறி ஓடின.

"பலகையோட அடிப்பக்கம் தங்க நெறத்துல பல்லு பல்லா இருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவாத் தேய்ங்க. அம்மாபேட்டைல ஒரு வாத்தியார் ரப்பரால தேச்சுத்தான் சரி பண்ணினாரு. அழுத்தித் தேய்க்காதீங்க."

மேஜைமேல் கிடந்த பென்சிலின் பின்னால் கொசுறாக ஒட்டியிருந்த ரப்பர். வானதி பலகையை முந்தானையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஈறு தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். கறுப்பு போய்ப் பொன் தெரிந்தது.

"இப்ப ஒண்ணை மட்டும் போடுங்க. ரெண்டும் வேணாம். கொக்கி தானா வந்து கவ்வுற வரைக்கும் அமுக்கணும்."

கொக்கி டொக்கென்று கவ்வியது. மழை வலுத்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் போன் குரல் கேட்கவில்லை. வானதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ராம்கி பிளக்கைச் செருகினான்.

கீச்சு இல்லை.

திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. பிறகு கறுப்பு. பிறகு இங்கிலீஷில் ஒரு கேள்வி.

"டிஸ்க்கைச் சரி பாக்கவான்னு கேக்குது பாய்."

"பாக்கட்டும். குறுக்க கை வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி அது பயந்து கிடக்கும். நூறு ஆவற வரைக்கும் எல்லாரும் தள்ளி நில்லுங்க."

எண் ஒவ்வொன்றாக ஏறியது. அறைக்குள் இப்போது ஆறேழு பேர் நனைந்துபோய் நின்றார்கள். டிராக்டர்க்காரர், செந்தில்குமார், வரிசையில் இருந்த விவசாயிகள். ஓரிடத்தில் எண் நின்றுவிட்டது. நின்றதென்றால் நின்றதுதான்.

"முருகா," என்றார் யாரோ.

"கூட்டம் போடாதீங்கய்யா, அதுக்கு மூச்சு முட்டுது," என்றாள் காத்தாயி. சிரிக்கத் துணியாமல் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

எண் நகர்ந்தது. நூறு. திரை கறுத்து, மறுபடி வெளுத்து, வானதி தினமும் பார்க்கிற பச்சை வயல் படம் வந்து நின்றது. அவள் கை மவுஸுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்து புடவையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனது. காலை வண்டிகள் என்ற இடத்தைத் திறந்தாள்.

முதல் வரியிலேயே இருந்தது. காத்தாயி வண்டி நம்பர். பக்கத்தில் முதல் எடை.

"ஓட்டுங்க, அவங்க வண்டியை மேடையில ஏத்துங்க!" என்று கத்தினாள். டிராக்டர்க்காரர் ஓடிப்போய்த் தன் வண்டியை இறக்கி வழிவிட, காத்தாயியின் காலி வண்டி மழையில் ஏறி நின்றது. இரண்டாவது எடையும் விழுந்தது. கழித்தலைக் கம்ப்யூட்டரே போட்டது. வானதி சீட்டு எடுக்கத் திரும்பினாள்.

காத்தாயி அவள் தோளைத் தொட்டாள். "சீட்டு அப்புறம் வரட்டும். வாயால சொல்லு."

"எல்லாரும் நிக்கிறாங்க அக்கா. கண்ணு..."

"படட்டும். ஒரு தடவை கேட்டுக்குறேன்."

"அஞ்சு டன்னு. மேல முன்னூத்தி எழுவது கிலோ."

காத்தாயி ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். செந்தில்குமார்தான் முதலில் பேசினான்.

"ஆத்தா, நாலரைன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்குவேன்டா. அடுத்த வருஷம் நீதான் வந்து கொட்டறப்ப பாக்கணும்."

அறை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் வானதி போனைத் தேடினாள். கட் ஆகியிருந்தது. கடைசியாக அவர் சொன்னது மட்டும் காதில் நின்றது. "சரியானா ஒரு போன் போட்டு, எதனால சரியாச்சுன்னு சொல்லிடுங்கம்மா. மறந்துடாதீங்க."

மறுநாள் பளீரென்று வெயில். மில் ஓடுகிற சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. காத்தாயி வீட்டுக்கென்று நிறுத்தி வைத்த நெல்லில் ஒரு பங்கை அரைத்து, தவிடு மணக்கிற புது அரிசியாக ஒரு சின்னச் சாக்கில் கட்டி எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்த பாய்க்கு. வேணாம்னா விடாதே தங்கச்சி. மொத வெளைச்சல்."

வானதி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்தார்.

"பாய், எடை மேடை வானதி. ஓடுது பாய்! நேத்தி ராத்திரி வரைக்கும் ஒரு தடவைகூட நிக்கல."

"எறும்புதானா?"

"எறும்புதான். அந்தப் பள்ளத்துல ஊதி, ரப்பர் போட்டுத் தேச்சு, ஒரு பலகையை மட்டும் போட்டோம். நீங்க சொன்னபடியே."

"பள்ளத்துல ஊதி, ரப்பர் தேச்சு, ஒரு பலகை," என்று அவர் மெல்லத் திரும்பச் சொல்லிக்கொண்டார். "நல்லாருங்கம்மா."

"காத்தாயி அக்கா உங்களுக்குப் புது அரிசி கொண்டாந்திருக்காங்க. கடை எங்க இருக்கு இப்ப? நன்னிலத்துலதானே? எங்க வீட்டுக்காரரைக் குடுத்து அனுப்புறேன்."

காற்று மட்டும் இரைந்தது.

"கடை எங்கன்னு கேட்டா ஏன் பாய் யோசிக்கிறீங்க?"

"கடை இருந்தாத்தானேம்மா சொல்றதுக்கு."

"மூடிட்டீங்களா?"

"ஹாஜா பாய் மூடிட்டாரு போலருக்கு. எப்பன்னு எனக்குத் தெரியாது. அவரை நான் பாத்ததில்ல."

வானதி காத்தாயியைப் பார்த்தாள். ராம்கி எழுந்து கிட்டக்க வந்தான்.

"அப்ப நீங்க?"

"எம் பேரு பக்கிரி. பூம்புகார்ல மீன் ஏலம் கூறுறவன். புதுசா ஒரு சிம்மு வாங்கினேன், அது அவரோட பழைய நம்பர் போலருக்கு. அன்னையிலேருந்து சுத்துப்பட்டு ஊரெல்லாம் எனக்கு போன் பண்ணுது. திரை தெரியல பாய், பிரிண்ட் வரல பாய்னு. மொதல்ல வைஞ்சுட்டுத்தான் வைப்பேன். ஒருநாள் ஒரத்தநாட்டுலேருந்து ஒரு பொண்ணு. மாட்டு டாக்டருக்குப் படிக்குதாம். எழுதினதெல்லாம் உள்ள மாட்டிகிச்சுன்னு அழுவுது. ராங் நம்பர்னு சொல்ல எனக்கு வாய் வரல. படகு இன்ஜினுக்குச் சொல்ற மாதிரி, கழட்டித் தொடச்சுப் போட்டுப் பாரு தாயின்னுட்டேன். சாயந்திரம் கூப்புட்டுச்சு. சரியாயிடுச்சாம். எதைக் கழட்டினே, எங்க தொடச்சேன்னு கேட்டு வச்சுகிட்டேன். அடுத்து கூப்புட்டவருக்கு அதைச் சொன்னேன். அவரு வேற ஒண்ணு கண்டுபுடிச்சுச் சொன்னாரு. அதை அவருக்கு அடுத்த ஆளுக்கு..."

"அப்ப கம்ப்யூட்டர்?" என்றாள் வானதி.

"பேங்குல இருக்கும்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்? அதைப் பாத்திருக்கேன்," என்றார் பக்கிரி. "தொட்டதில்லம்மா."